மழைக்கும் வெயிலுக்கும் போட்ட திட்டம்

இன்று காலை எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிக் குடியிருப்பில் வீட்டுக்காரர் கூட்டம். பின்பக்க வெறுங்காணியில் பிள்ளைகள் விளையாட ஓரிடம் வேண்டுமென்று நான்தான் கேட்டிருந்தேன்.

வரைபடத்தை விரித்தேன். மணல், ஏறி விளையாட மரக்குற்றிகள், வெயிலுக்கு வேப்பமர நிழல், மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால். வருடம் முழுவதும் விளையாடலாம்.

"எல்லாம் சரி தம்பி, பிள்ளையள் எப்ப விளையாடுறது?" என்றார் செயலாளர் அங்கிள்.

பெற்றோர் டியூஷன் நேரங்களைச் சொல்லத் தொடங்கினார்கள். ஞாயிறு பின்னேரம்கூட மிஞ்சவில்லை.

"அப்ப அதில கொட்டில் ஒண்டு போட்டு டியூஷனையே இங்க வைப்பம். பிள்ளையளுக்கும் அலைச்சல் இல்லை" என்று அவரே முடித்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். முதலாவதாக எங்கள் மகளின் பெயரைக் கொடுத்தது என் மனைவி.

நான் முன்கூட்டியே வாங்கிவைத்த மரக்குற்றிகள் கீழே கார் நிறுத்துமிடத்தில் கிடக்கின்றன. சும்மா இருக்கும் பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.