ஜன்னல் கம்பியில் ஒட்டிய போன்

சிம்மக்கல்லில் எங்கள் மொட்டை மாடி டிஷ்ஷைக் காற்று திருப்பிவிட்டது. திசை காட்டும் ஆப்பை போனில் இறக்கிக்கொண்டு நானே மாடிக்கு ஏறினேன். டிவியில் படம் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பக்கத்துப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்த காசிமைக் கூப்பிட்டேன். ஆனால் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அவரை ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னேன். புது ஆளை எப்படி நம்புவது?

போன் காட்டிய திசைக்கே டிஷ்ஷைத் திருப்பினேன். "வந்துருச்சா தம்பி?"

"வரலண்ணே."

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். வேண்டுமென்றே அலைக்கழிக்கிறான் என்று கடுப்போடு இறங்கினேன். உச்சி வெயிலில் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார் காசிம். டிவியில் உண்மையிலேயே படம் இல்லை.

இன்னும் எட்டிப் பார்க்க, போன் இருந்த கையாலேயே கம்பியைப் பிடித்தேன். என் போன் கவரின் மூடி டக்கென்று கம்பியில் ஒட்டிக்கொண்டது. மூடியில் காந்தம். போனின் திசைமுள்ளைக் கெடுத்தது அதுதான்.

கவரைக் கழற்றினேன். கதவையும் திறந்தேன். "உள்ள ஃபேனப் போட்டு உக்காந்து பாருங்க தம்பி."

"இருக்கட்டும்ணே. இங்கனயே நல்லாத் தெரியுது."

மறுபடி ஏறி டிஷ்ஷைத் திருப்பினேன்.

"வந்துருச்சுண்ணே" என்ற குரல் ஜன்னலுக்கு வெளியிலிருந்துதான் கேட்டது. கதவைத் திறக்க நான் ரொம்பவே தாமதித்துவிட்டேன்.