மூணு காப்பி அக்காவும் இருபத்திரண்டாவது கேள்வியும்

அரசு அலுவலகத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே, ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், பசை டப்பா, ஸ்டேப்ளர், மை வற்றாத ஸ்டாம்ப் பேடு. இவற்றுக்கு நடுவில் மிச்சமிருக்கும் இடத்தில் அக்கா. உட்கார்ந்தால் எழுவது கஷ்டம், எழுந்தால் உட்காருவது கஷ்டம். அந்த நாற்காலியில் இருந்தபடியேதான் இருபத்தாறு வருடமாக ஊரில் பாதிப் பேருக்குப் பிறப்புச் சான்றிதழும் மீதிப் பேருக்கு ஓய்வூதியமும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் மூணு காப்பி. எந்த மனு எழுதினாலும் மூன்று நகல் எடுத்து, வந்தவர் கையில் திணித்துவிடுவாள். "ஒண்ணு ஆபீஸுக்கு. ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு, அவங்க தொலைச்ச பிறகு குடுக்கறதுக்கு" என்பாள். மூன்றாவது காப்பி வீணாகப் போய்விட்டது என்று இதுவரை யாரும் வந்து குறை சொன்னதில்லை.

அவளுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. படிவத்தில் எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக்கூடாது. கையில் ஆதாரம் இருந்தால் எழுது, இல்லாவிட்டால் 'இல்லை' என்று போடு. வெற்றிடத்தைக் கண்டால் குமாஸ்தாவுக்குக் கை அரிக்கும், மனு திரும்பி வரும். "காகிதம் இருந்தா இருக்கு, காகிதம் இல்லன்னா இல்ல, அவ்வளவுதான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாள். இந்த ஒரு சட்டத்தின் புண்ணியத்தில் அவள் எழுதிய மனு ஒன்றுகூடத் திரும்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

இனி ஊர்க்கோடியில் இருக்கும் வெட்டவெளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால், வீடுகள் முடிகிற இடத்தில், நாற்பது ஏக்கர். பாதி புல், கால்வாசி புதர், நடுவில் வருடத்தில் எட்டு மாதம் தண்ணீர் நிற்கும் ஒரு குட்டை. சுற்றிலும் சுவர், சுவரில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நிலம் ஓர் அண்ணன் தம்பிக்குச் சொந்தம். முப்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் விற்கவும் முடியவில்லை, கட்டவும் முடியவில்லை. சகோதரச் சண்டையால் ஊருக்கு நல்லது நடந்த ஒரே இடம் அதுதான்.

அந்த நல்லதுக்கும் முடிவு வந்தது. அண்ணனுக்கு இருதய ஆபரேஷன் நடந்தது, தம்பி ரத்தம் கொடுத்தான், இருவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடித்த கையோடு நிலத்தை விற்க முடிவெடுத்தார்கள். கிடங்கு கட்டும் கம்பெனி ஒன்று உடனே விலை பேசியது. ஆனால் அண்ணன் நல்ல மனிதர். ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரரிடம், "வெட்டவெளியைக் காப்பாத்த அரசாங்கம் ஏதோ நிதி வச்சிருக்காமே. அதே விலையை அவங்க குடுத்தா எங்களுக்கு என்ன வந்துது? மழைக்கு முன்னாடி சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்துக்கடைக்காரர் அன்று மாலையே நடைப்பயிற்சிக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். தலைவர் அவர். செயலாளர் யார் என்று கேட்டபோது பத்து விரலும் அக்காவைக் காட்டின.

"நான் மத்தவங்களுக்கு எழுதிக் குடுக்கற ஆளு. எனக்காக எதையும் கேட்டுப் பழக்கமில்லையே" என்றாள் அக்கா.

"அதுக்கென்ன, இதையும் மத்தவங்களுக்குன்னே நினைச்சுக்குங்க" என்றார் தலைவர்.

ஆனால் அவளால் அப்படி நினைக்க முடியவில்லை. அவளும் இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அந்தச் சுவர் ஓட்டையில் நுழைந்து, ஆறே காலுக்குத் திரும்பி வருகிறவள். ஒருநாளில் அவளுக்கே அவளுக்கென்று இருக்கும் அரைமணி அது. முழங்கால் வலிக்காக நடக்கிறாள் என்றுதான் கணவர்கூட நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அங்கே என்ன செய்கிறாள் என்பதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அங்கே கிடங்கு எழும்பினால் அந்த அரைமணியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசித்தவள், செயலாளர் பதவிக்குச் சம்மதித்தாள்.

இருபத்தாறு பக்கப் படிவம். ஒன்பது நாள் எழுதினாள். எல்லை வரைபடம், மண் அறிக்கை, அண்ணன் தம்பியின் சம்மதக் கடிதம் எல்லாம் சேர்த்தாள். பதினான்காவது கேள்வி: 'இந்நிலத்தைத் தற்போது பயன்படுத்துவோர்.' அக்காவின் கை யோசிக்கவே இல்லை. குத்தகைச் சீட்டு உண்டா, அனுமதிக் கடிதம் உண்டா, ரசீது உண்டா? எதுவும் கிடையாது. 'இல்லை' என்று எழுதினாள். இருபத்திரண்டாவது கேள்வி: 'மனுவில் கையொப்பமிடுபவருக்கு இந்நிலத்தோடு உள்ள தொடர்பு.' பத்திரம் உண்டா, பங்கு உண்டா? 'இல்லை.' மூன்று காப்பி எடுத்து, முத்திரை குத்தி, கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது வாரம் மனு திரும்பி வந்தது.

கூடவே இரண்டு வரிக் கடிதம். 'எவருக்கும் பயன்படாத நிலத்தைக் காக்கப் பொதுநிதி எதற்கு என்பது விளங்கவில்லை. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தரவும்.' பதினான்காவது கேள்வியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். அக்கா கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடத்தில் திரும்பிய முதல் மனு, அவளுக்கு உயிராக இருந்த மனு.

வீட்டில் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழியில் தொங்கிவிட்டு வருகிறவர் என்பதால் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார்.

"யாரை ஆனைங்கறீங்க?"

"நான் சறுக்கலைத்தான் சொன்னேன்" என்று அவசரமாகப் பின்வாங்கியவர், கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, அங்க யாருமே வரலன்னா எழுதுன? நீயே தினமும் போறியே."

"சுவர் ஓட்டைல நுழைஞ்சு போறதை எப்படிங்க எழுத முடியும்? அதுக்கு என்ன காகிதம் இருக்கு?"

"காகிதம் இல்லன்னா நீ போகலன்னு ஆயிடுமா?"

ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன வாய் அன்று இரவு சாப்பிட மட்டுமே திறந்தது.

மறுநாள் காலை ஜெராக்ஸ் கடைக்குப் பூட்டு. ஒரு மடக்கு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஸ்டாம்ப் பேடு இவற்றோடு அக்கா சுவர் ஓட்டையின் ஓரத்தில் கடை விரித்தாள். காகிதம் இல்லையென்றால் காகிதத்தை உண்டாக்க வேண்டியதுதானே. உள்ளே போகிறவர் எவரானாலும் ஒரு பக்க வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். யார் எப்போது வருகிறார்கள் என்று அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. குட்டைக்கரையில் இருந்த ஆள்காட்டிக் குருவிகள் ஒவ்வோர் ஆளுக்கும் தவறாமல் கத்தித் தீர்த்தன. முப்பது வருடமாக அந்த நிலத்துக்கு வருகைப் பதிவேடு வைத்திருந்தவை அவைதான்.

முதலில் மாட்டியவர் பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதுபவர். அக்கா வழக்கம்போல, 'மேற்படி முகவரியில் வசிக்கும் நானாகிய நான்' என்று ஆரம்பித்துப் படித்துக் காட்டினாள். அவர் முகம் சுளித்தார்.

"அக்கா, இதைப் படிச்சா நான் ஏதோ திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. நான் சொல்றதை அப்படியே எழுதுங்க. வீட்ல ஊதுனா மாமியார் கதவைச் சாத்தறாங்க, பக்கத்து வீட்ல போலீஸுக்குப் போன் பண்றாங்க. இங்க ஊதுனா குருவி மட்டும்தான் திட்டுது."

அக்கா பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தாள். பிறகு அப்படியே எழுதினாள். அதற்கப்புறம் எல்லாருக்கும் அப்படியேதான் எழுதினாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண், இதுவரை நூறு பேரை இந்தப் புல்லில் விழவைத்து, ஒருவருக்கும் எலும்பு முறியாமல் ரோட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். பின்புறமாகவே நடக்கும் பெரியவர், ரோட்டில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு காதல் ஜோடி வாக்குமூலம் கொடுத்தது, கையெழுத்துப் போட மறுத்து ஓட்டம் பிடித்தது. ராத்திரி டியூட்டி முடிந்து வரும் நர்ஸ் ஒருத்தி, "வார்டுல விடியற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்க்கா. இங்க வந்துதான் விடுவேன்" என்றாள். அதை எழுதும்போது அக்காவுக்குக் கண் கலங்கியது. வெயிலைச் சாக்கு வைத்துத் துடைத்துக்கொண்டாள்.

நில உரிமையாளர் அண்ணனே ஒருநாள் வந்தார். "இத்தனை பேர் அத்துமீறி நுழைஞ்சிருக்காங்களா?" என்று ஆச்சரியப்பட்டார்.

"ஓட்டையை ஏங்க அடைக்காம விட்டீங்க?"

"அடைக்கணும்னா தம்பிகிட்ட பேசணும். பேச்சுதான் கிடையாதே." அதையும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு நாளில் இருநூற்றுப் பதினொரு வாக்குமூலம். மூன்று காப்பி எடுத்ததில் ஜெராக்ஸ் மெஷின் சூடேறி இரண்டு முறை நின்றுபோனது. வாக்குமூலங்கள் தயார், நேரில் வந்து பாருங்கள் என்று கெடுவுக்குள் பதில் போட்டாள்.

அடுத்த வாரம் நிலத்தைப் பார்க்க ஆய்வு அதிகாரி வந்தார். அலுவலக வழக்கப்படி, ஒரு ஈ காக்கைகூட வெளியே வராத மத்தியான வேளையில். ஐம்பதை ஒட்டிய பெண்மணி, கையில் குடை, முகத்தில் சிரிப்பே இல்லை. நாற்பது ஏக்கரிலும் ஒரு மனிதத் தலை தென்படவில்லை. தலைவர் கடையை விட்டு வரமுடியாமல் போக, அக்கா தன்னந்தனியாக நின்றாள்.

அதிகாரி மரத்தடியில் உட்கார்ந்து வாக்குமூலங்களைப் புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்றுதான் ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. டிரம்பெட்காரரின் வாக்குமூலத்தைப் படிக்கும்போது உதடு லேசாகத் துடித்தது. நர்ஸின் வாக்குமூலத்தில் கண் வெகுநேரம் நின்றது.

"பதினாலாவது கேள்வி சரியாயிடுச்சு" என்று காகிதக் கட்டை மூடினார். அக்காவுக்கு உயிர் வந்தது. அதற்குள் அவர் மனுவைத் திருப்பினார். "ஆனா இருபத்திரண்டு அப்படியே இருக்கே. தொடர்பு இல்லைன்னு போட்டிருக்கீங்க. ஒரு தொடர்பும் இல்லாத நீங்க எதுக்கும்மா இவ்வளவு பாடுபடறீங்க? கிடங்கு கம்பெனிக்கு எதிரா யாராவது உங்களைத் தூண்டி விட்டாங்களான்னு மேல கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

அக்கா குட்டையைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாது, உண்மையைச் சொல்ல வெட்கம். குட்டையைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

"என் கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் ஒரு கஷ்டம் மேடம். புருஷன் விட்டுட்டுப் போயிருப்பான், விபத்துல கால் போயிருக்கும், செத்துப்போன பையனுக்குச் சான்றிதழ் கேட்டு அலைவாங்க. அவங்க முன்னாடி நான் அழக்கூடாது, கோபப்படவும் கூடாது, தப்பில்லாம எழுதிக் குடுக்கணும். அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போனா புருஷன் பாவம். அதனால காலைல இங்க வந்து, அந்தக் குட்டைக்கரைல நின்னு, சத்தமா எல்லாத்தையும் சொல்லித் தீத்துடுவேன். அழணும்னா அழுவேன். பெரும்பாலும் திட்டுவேன். மனுவைத் தொலைச்சவங்க, இழுத்தடிச்சவங்க, நாளைக்கு வான்னு சொன்னவங்க, எல்லாரையும் பேர் சொல்லித் திட்டுவேன்."

"எங்க ஆபீஸையுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அக்காவுக்குப் புரிந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. "உங்க ஆபீஸைப் போன மாசம் பூரா திட்டினேன் மேடம். அந்த ரெண்டு வரி லெட்டர் போட்டவங்களை, தனியா ரெண்டு நாள்."

"லெட்டர் போட்டது நான்தான்."

ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்தியபடி தலைக்கு மேல் பறந்து போனது. அதிகாரியின் தோள் முதலில் குலுங்கியது. பிறகு குடை குலுங்கியது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இப்ப சொன்னதை எழுதுங்க. எங்க ஆபீஸை விட்டுட்டு."

அக்கா மரத்தடியில் உட்கார்ந்து எழுதினாள். ஆயிரக்கணக்கான முறை மற்றவர்களுக்காக 'நான்' என்று எழுதிய கைதான். தனக்காக எழுதுவது இதுதான் முதல்முறை. எழுதியவர் என்ற இடத்திலும், விண்ணப்பதாரர் என்ற இடத்திலும் ஒரே கையெழுத்து. இருநூற்றுப் பன்னிரண்டாவது வாக்குமூலம்.

முதல் மழைக்கு நான்கு நாள் முன்னால் நிதி ஒதுக்கிய உத்தரவு வந்தது. கவரைப் பிரித்த அக்கா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ஒன்றல்ல, மூன்று காப்பி இருந்தது.

நிலம் பொதுச்சொத்தானது. சுவர் ஓட்டை இருந்த இடத்தில் ஒரு சின்ன கேட் வைத்தார்கள், பூட்டு வைக்கவில்லை. கணவருக்கு விஷயம் முழுவதும் தெரிந்துவிட்டதால், "இன்னிக்கு யாருக்கு அர்ச்சனை?" என்று கேட்டுத்தான் காலையில் வழியனுப்பி வைக்கிறார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒருநாள், ஐந்தே முக்காலுக்கு அக்கா வந்தபோது, குருவிகள் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தன. குட்டைக்கரையில், அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில், ஓர் உருவம். கையை ஆட்டி ஆட்டி, தண்ணீரைப் பார்த்துப் பெருங்குரலில் பேசிக்கொண்டிருந்தது. 'எங்க ஆபீஸ் டைரக்டர்' என்பது மட்டும் அடிக்கடி காற்றில் வந்தது. கையில் அதே குடை.

அக்கா கேட்டிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வேகநடையில் வந்த மருந்துக்கடைக்காரர் உள்ளே நுழையப் போனார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருங்க. உள்ள ஒருத்தங்க முக்கியமான வேலையா இருக்காங்க."