ஒன்பதாம் நாள், ஏழாவது ஆட்டம்

எலிஹியோ ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். சாந்தியாகோவிலேயே பிறந்து வளர்ந்தும், பேஸ்பால் என்று வந்தால் தலைநகரத்து நீல அணிதான் அவருக்கு. தெரு முழுக்க உள்ளூர் மஞ்சள் அணியின் கட்சி. "துரோகி" என்றே கூப்பிடுவார்கள். ஃப்ரிட்ஜ் கெட்டால் அதே துரோகியைத்தான் தேடி வருவார்கள். மஞ்சள் தோற்ற மறுநாள் காலை அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார்.

"ஐஸ் வேணுமா? வயித்தெரிச்சலுக்கு நல்லது."

அவர் இறந்த ஒன்பதாம் நாள், ஒன்பது நாள் ஜெபத்தில் கடைசி ஜெபம் மாலையில். அன்றைக்கே இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டமும் வந்து சேர்ந்தது. நீலமும் மஞ்சளும். ஜெயிப்பவருக்குக் கோப்பை.

மகள் யுதெல்கா மின் பொறியாளர். நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஜெபம் முடிவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். ஒருவரும் வரமாட்டார்கள். வாடகை நாற்காலிகளில் பாதியை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். காலி நாற்காலிகளுக்கு நடுவே அப்பாவை வழியனுப்புவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஜெபம் நடத்தும் க்ரூசிதா முதலில் வந்தாள், மஞ்சள் சட்டையில். பின்னாலேயே தெரு வந்தது. அத்தனை பேரும் மஞ்சள்.

"அக்கா, இது ஜெபம்."

"தெரியும்டி. வேற கலர்ல வந்தா, பயந்துட்டோம்னு நெனச்சுக்குவான் உங்கப்பன். அந்த நாற்காலியெல்லாம் விரி."

ஜெபமாலை அன்று பறந்தது. கடைசி ஆமென் சொன்ன கையோடு க்ரூசிதா மெழுகுவர்த்திகளை அணைத்தாள். யாரோ டிவியைப் போட்டார்கள். இஞ்சித் தேநீரும் பாலாடைக்கட்டியும் பிஸ்கட்டும் கை மாறின.

நீலம் ஜெயித்தது. ஒரே ஒரு ஓட்ட வித்தியாசத்தில்.

சத்தம் அடங்கியது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. எதிர்வீட்டு முடிதிருத்துபவர் நெல்சீதோ யுதெல்காவையே பார்த்தார்.

"என்னம்மா, எவ்வளவு நேரம் காத்திருக்கறது? உங்கப்பா இருந்தா இந்நேரம் எங்க மானத்த வாங்கியிருப்பாரு."

யுதெல்கா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். எழுந்து நின்றாள்.

"அழறவங்க வெளிய போய் அழுங்க! இது சாவு வீடு இல்ல, ஜெயிச்ச வீடு!"

கூரை அதிரச் சிரித்தார்கள். க்ரூசிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பன விட மோசமான வாயி" என்றார் நெல்சீதோ நிம்மதியாக. "இன்னொரு கப் ஊத்து. தோத்தவனுக்குத் தொண்டை காயுது."