சிஸ்டம் மெமரி, அவுட்

தம்பி, பாப்பா, நேற்று சாயங்காலம் நான் போட்ட சத்தம் உங்கள் மேல் போட்டது இல்லை. லேப்டாப் ரொம்ப மெதுவாக இருக்கிறது, ஒரு பென் டிரைவைச் சொருகிவிட்டால் வேகம் வரும் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டுத் தம்பி சந்தோஷமாக வந்து காட்டினான். நான் அதைப் பிடுங்கிக் கட்டில்மேல் எறிந்தேன். பாப்பா பயந்து அழுதாள். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு" என்று நீங்கள் அடுப்படியில் போய்க் கேட்டது எனக்கும் கேட்டது. இந்த விஷயத்தை வாயால் சொல்லப் போனால் கோபம்தான் முதலில் வருகிறது, விஷயம் பின்னாலேயே நின்றுவிடுகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

தம்பி பிறந்த புதிதில் நான் ஈஜிபுரா சிக்னல் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டியாக இருந்தேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிப் படிவங்களைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கம்பெனி. அடுத்தவர் நோய் விவரம் என்பதால் கட்டுப்பாடு அதிகம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒவ்வொருவர் பையையும் நான் திறந்து பார்க்க வேண்டும். செல்போன் லாக்கரில் போகும். பென் டிரைவ் மாதிரி எது வந்தாலும் போனாலும் கேட் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். தேதி, ஆள் பெயர், பொருளின் பெயர், இன் அல்லது அவுட், கையெழுத்து. எல்லாம் இங்கிலீஷில். பேனா, குடை, டிபன் பாக்ஸ் என்று நான்கைந்து வார்த்தை எனக்குத் தெரியும். தெரியாததைக் கேட்டு எழுதுவேன்.

அங்கே டைப் அடிக்கிற ஒரு அக்கா இருந்தார். ஜீவனஹள்ளியில் வீடு, அங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிட வயதில் பெரியவர்தான், ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களுக்கு நான் "செக்யூரிட்டி." அக்காவின் மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருக்கும். கீபோர்டைப் பார்க்கவே மாட்டார், படிவத்தை மட்டும் பார்ப்பார், விரல் தானாகப் போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்குக் கம்பெனியிலேயே பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் புதியது, பழையவர்களுக்குப் பழையது என்பது அந்த ஆபீஸ் நியாயம். அக்கா அடித்த எழுத்து திரையில் வருவதற்குள் அடுத்த வரி முடிந்திருக்குமாம். "பட்டனை அமுக்கிட்டு வந்து டீ குடிச்சிட்டுப் போறேண்ணா, அது அப்பத்தான் கண்ணைத் தெறக்கும்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று கணக்கு உண்டு, குறைந்தால் பெயருக்கு நேராகச் சிவப்பு விழும். மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அக்காவுக்கு இரண்டு மாதம் விழுந்துவிட்டது. டீம் லீடர் பையன், இருபத்து நாலு வயதுகூட இருக்காது, அவரை ஆமை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தான்.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவரை நாங்கள் சிஸ்டம் சார் என்போம். நம் தமிழ் ஆள், ஊரிலிருந்து வந்து சில வருஷம் ஆனவர். புதிய மெமரி கேட்டு எழுதிக்கொடுத்தால் மேலே கையெழுத்து ஆகாது என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் எதிர் டீக்கடையில் அவர் அக்காவிடம் ஒரு யோசனை சொன்னார். நானும் பக்கத்தில் கையில் டம்ளரோடு நின்றிருந்தேன். அதனால் இதை நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

"காலியா ஒரு பென் டிரைவ் இருந்தாக் குடுங்க. பின்னாடி சொருகி, இதை வேகத்துக்கு வச்சுக்கோன்னு சொல்லிட்டாப் போதும், அதுவே எடுத்துக்கும்."

"பென் டிரைவுல படம்தான சார் வச்சிப்பாங்க. அது எப்டி இதை ஓட வைக்கும்?"

சிஸ்டம் சார் என்னைக் காட்டிச் சொன்னார். "அண்ணனைப் பாருங்க. ஒவ்வொரு சாவிக்கும் மாடியில இருக்கிற பீரோவுக்கு ஏறி எறங்கினா எவ்ளோ நேரம் ஆகும்? அடிக்கடி கேக்குற நாலு சாவியை வாசல்லயே ஆணியில மாட்டி வச்சிருக்காருல்ல. பென் டிரைவு அந்த ஆணி மாதிரி."

இன்றைக்கும் எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்த ஒரே பாடம் அதுதான். அந்த ஆளிடமிருந்து வந்தது என்பதால் அதை மறக்கவும் முடியவில்லை.

அக்கா மறுநாள் காலையில், உள்ளே நுழையும் முன்பே, தன் மகளுடைய பென் டிரைவை டீக்கடைக்குக் கொண்டுவந்தார். சிவப்பு நிறம், மூடி இல்லை, ஒரு ஓரத்தில் நகப்பாலிஷால் சின்னப் பூ. "ரெஜிஸ்டர்ல எழுதணுமேண்ணா" என்று அவர்தான் முதலில் சொன்னார். சிஸ்டம் சார், "அதெல்லாம் எழுதினா நூறு கேள்வி வரும், நான் எடுத்துட்டுப் போறேன்" என்று டீக்கடையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் பையை நான் எப்போதும் திறந்து பார்ப்பதில்லை. சல்யூட் அடிப்பேன், அவர் தலையாட்டிவிட்டுப் போவார். அன்றைக்கும் அடித்தேன். என்ன போகிறது என்று தெரிந்தே அடித்தேன். பிள்ளைகளே, இந்த வரியை உங்களுக்கு எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

கம்ப்யூட்டர் குதிரையாகிவிடவில்லை. "மூச்சு வாங்காம நடக்குதுண்ணா, அது போதும்" என்றார் அக்கா. அந்த மாதம் அவருக்குச் சிவப்பு விழவில்லை. ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் கழித்து, மறுநாள் வெளிநாட்டு ஆபீஸிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. சிஸ்டம் சார் அக்காவிடம் போய், இன்றைக்கு மட்டும் பென் டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறார். அக்கா நினைத்திருந்தால் அதை இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருக்கலாம். நான் பை மட்டும்தானே பார்ப்பேன். ஆனால் அவர் உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

"எழுதிக்கோண்ணா."

"சார் கொண்டுபோனதுதானே அக்கா, இன் எழுதலியே."

"போம்போதாவது சரியாப் போவட்டும். நாளைக்கு யாராவது கேட்டா உனக்குத்தான் தொல்லை."

"இதுக்கு இன்னா பேர் எழுதறது?"

"சிஸ்டம்ல மெமரிக்குப் போட்டதுன்னு எழுதேன்."

நான் எழுதினேன். பெரிய எழுத்தில், பிழை இல்லாமல், பெருமையாக. SYSTEM MEMORY. OUT. சிஸ்டத்துக்குப் போட்டது என்பதற்கும் சிஸ்டத்திலிருந்து எடுத்தது என்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்னச் சொல் எனக்கு இங்கிலீஷில் தெரியாது. தெரியாததைக் கேட்கிறவன், அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆடிட்டுக்கு வந்தவர்கள் முதலில் பார்த்ததே ரெஜிஸ்டரைத்தான். இன் கிடையாது, அவுட் இருக்கிறது, பொருள் சிஸ்டம் மெமரி. அக்காவை வீட்டுக்குப் போய்ப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்கு வரச் சொன்னார்கள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அதில் ஒரே ஒரு பெரிய ஃபைல், பென் டிரைவை முழுக்க அடைத்துக்கொண்டு, திறக்க முடியாமல். நோயாளிகள் விவரத்தை அள்ளிப் பூட்டி எடுத்துப் போயிருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். வேகத்துக்காக வைத்தால் கம்ப்யூட்டர் அப்படித்தான் ஒரு பூட்டிய ஃபைலைத் தனக்காகப் போட்டுக்கொள்ளுமாம். அதற்குள் மனுஷர் படிக்க ஒன்றும் இருக்காதாம். இதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அறையில் இது தெரிந்த ஆள் ஒருவர்தான் இருந்தார்.

என்னையும் கூப்பிட்டார்கள். ஹெச்.ஆர். மேடம் ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பிக் கன்னடத்தில், "இது நீவே பரெதித்தா?" என்று கேட்டார். நீங்கள்தான் எழுதியதா என்கிறார். "ஹௌது மேடம்" என்றேன். ஆமாம் என்று. அவ்வளவுதான் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிஸ்டம் சாரைப் பார்த்து, "சார், நீங்க சொல்லுங்க சார்" என்றார். சார் கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடத்திடம், "பெரிய ஃபைல் ஒண்ணு இருக்கு மேடம். ஓபன் ஆகல" என்றார்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வாக்கியம் பாருங்கள். அதில் ஒரு பொய்கூட இல்லை. பொய் சொல்லியிருந்தாலாவது என்றைக்காவது மாட்டியிருப்பார். உண்மையில் பாதியை எடுத்து நீட்டிவிட்டு மீதியை விழுங்கினார். நானும் விழுங்கினேன். நான் பார்த்தேன் மேடம், சார்தான் உள்ளே கொண்டுபோனார் என்று எந்தப் பாஷையில் சொல்லியிருந்தாலும் போதும். சொன்னால், நீ ஏன் சோதிக்கவில்லை என்று என் சட்டையைக் கழற்றிவிடுவார்கள். வீட்டில் கைக்குழந்தை. இதைக் காரணமாகச் சொல்லி நான் எத்தனையோ நாள் தூங்கியிருக்கிறேன், இப்போது முடியவில்லை.

அன்றைக்கே அக்காவை நிறுத்திவிட்டார்கள். ரிலீவிங் லெட்டர் கிடையாது. இந்த ஊரில் அந்த ஒரு தாள் இல்லாமல் இன்னொரு ஆபீஸ் உள்ளே விடாது. பதினாறு வருஷம் டைப் அடித்தவர், திருடி என்று யாரும் வாயால் சொல்லவில்லை, தாளைக் கொடுக்காமல் சொல்லிவிட்டார்கள். வெளியே போகும்போது பையை முழுக்கக் கவிழ்த்துப் பார்க்கும்படி எனக்கு உத்தரவு. நான் தயங்கினேன். அவரே பையைக் கவிழ்த்தார். டப்பா, சீப்பு, பஸ் பாஸ், கண்ணாடிக்குச் சுற்றுகிற நூல்கண்டு.

"நல்லாப் பாருண்ணா. அப்பறம் உன்னைக் கேப்பாங்க."

திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

மறுநாள் சிஸ்டம் சாரைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். "நீங்கதான சார் சொருகச் சொன்னீங்க, நீங்கதான கழட்டவும் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசுங்க. எனக்கு மட்டும் ஆசையா? அந்தம்மாவுக்கு வேற எடத்துல கெடைச்சிரும்."

"லெட்டர் இல்லாம எங்க சார் கெடைக்கும்?"

"நீங்களும்தான் ரூம்ல நின்னீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவருக்குச் சல்யூட் அடிக்கவில்லை. அவர் பையைத் தினமும் திறந்து கடைசி ஜிப் வரைக்கும் பார்த்தேன். அதனால் அக்காவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவர் ஒரு கார்மெண்ட்ஸில் துணி மடித்துப் பெட்டியில் போடுகிற வேலைக்குப் போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். கீபோர்டைப் பார்க்காமல் ஓடிய விரல்கள் அவை. அவரைக் கடைசி வரை பார்க்கப் போகாதது என் கோழைத்தனம், அதை வேறு யார் தலையிலும் வைக்க மாட்டேன்.

பென் டிரைவைத் தாராளமாகச் சொருகிக்கொள்ளுங்கள், அதில் எந்தத் தப்பும் இல்லை. நேற்று என் கோபம் அந்த அறையில் வர வேண்டிய கோபம். வர வேண்டிய இடத்தில் வராமல், வந்து உங்கள் மேல் விழுந்தது.

இன்னும் ஒன்று மட்டும். அக்கா போய்ப் பதினோரு நாள் ஆனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆபீஸ் பூட்டியிருந்தது, வாசலில் நான் மட்டும். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ரெஜிஸ்டரைத் திருப்பித் தந்திருந்தார்கள். அதில் எதையும் அழிக்கக்கூடாது, தப்பானால் ஒரே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. SYSTEM MEMORY என்பதன்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் தமிழில், "அக்காவின் சொந்த பென் டிரைவ்" என்று எழுதினேன். பிறகு மூன்று வாரம் பின்னால் புரட்டி, பென் டிரைவ் உள்ளே போன நாளின் பக்கத்தைக் கண்டுபிடித்து, இரண்டு வரிகளுக்கு நடுவில் இடுக்கி எழுதினேன்: "பென் டிரைவ் ஒன்று, இன். கொண்டுபோனவர் சிஸ்டம் சார். பார்த்தும் சோதிக்காமல் விட்டவன் நான்." இரண்டு இடத்திலும் முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். எப்போதும் புத்தகத்தை மூடி மேஜைக்குள் வைத்துவிட்டுத்தான் ஷிப்ட் மாற்றுவேன். அன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே மேஜைமேல் வைத்து, காற்றில் புரளாமல் இருக்க மேலே ஸ்கேலை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.