குதிரை வயிற்றுக்குக் கீழே அப்பாவின் மூக்கு

இன்று சாயங்காலம் ஒரு நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுத்தேன்!

கெடுத்ததில் எனக்குச் சந்தோஷம். பயமும் இருக்கிறது. போர்வைக்குள் போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு டைப் செய்கிறேன். இது அப்பாவின் போன். எனக்கு இப்படி ஒரு அக்கவுண்ட் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. (எழுத்துப் பிழை இருந்தால் இருட்டைத் திட்டுங்கள்.)

ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். படமும் போட மாட்டேன். ஏன் என்று படித்தால் புரியும்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ் போகிற வழியில் எங்கேயோ ஓர் ஏரிக்கரை. அங்கே அய்யனாருக்குப் புதிதாக ஒரு சிமெண்ட் குதிரை எழும்பிக்கொண்டிருக்கிறது. பனைமர உயரம்! (சரி, பாதிப் பனைமரம்.) இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. எல்லாமே சாம்பல் நிறம்.

அப்பா அங்கேதான் கலவைச் சட்டி தூக்குகிறார். சிமெண்ட் பட்டுவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார்.

நான் பிளஸ் ஒன். ஸ்கூல் விட்டதும் அந்தப் போனோடு ஏரிக்கரைக்கு ஓடுவேன். அப்பா தண்ணீர் பிடிக்கப் போகிற நேரம் பார்த்து குதிரையைப் படமெடுப்பேன்.

"பொட்டப் புள்ள போன வெச்சுக்கினு ரோட்டுல நிக்கக் கூடாது" என்பது அப்பாவின் சட்டம்.

வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு விஷயம்: சிலைக்கு நேராக வெளிச்சம் விழுந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் விழுந்தால் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து வரும்.

போன வாரம் அதைச் சோதித்துப் பார்த்தேன்.

குதிரையின் வயிற்றுக்குக் கீழே வாளோடு ஒரு வீரன் நிற்கிறான். நாள் முழுக்க நிழலில் இருப்பான், யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சூரியன் கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பு மட்டும் வெயில் பக்கவாட்டில் உள்ளே நுழையும். அந்த நேரத்தில், சாப்பாட்டுத் தட்டால் இன்னும் கொஞ்சம் வெயிலைத் திருப்பிவிட்டு எடுத்தேன்.

படத்தில் நின்றது என் அப்பா!

அந்த நெற்றி. வலப்பக்கம் சாய்ந்த அந்த மூக்கு. எங்கள் தெருவிலேயே பெரிய மூக்கு!

அம்மாவிடம் காட்டினேன். "ஐயோ, இது உங்கப்பன் மூக்குடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். திடீரென்று சிரிப்பு நின்றது.

"யாருக்கும் காட்டாத. ரைஸ்மில் ஐயா அது தம் மூஞ்சின்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு. தெரிஞ்சா ஒடச்சுட்டு வேற வெக்கச் சொல்லுவாரு. உங்கப்பனுக்கு வேலயும் போயிடும்."

அந்த வீரன் ரைஸ்மில் ஐயாவின் உபயம். அதனால் முகமும் அவருடையதாக இருக்க வேண்டும் என்று பேச்சு. ஆனால் போஸ் கொடுக்க வந்தவர் பாதி நேரம் போனில் பேசிவிட்டுக் கிளம்பிவிட்டார். சிலைக்காரர் என்ன செய்வார்? எதிரே சட்டியோடு நின்ற ஆளைப் பார்த்துச் செய்துவிட்டார்.

படத்தை அழிக்க மனம் வரவில்லை. ஒரு போல்டருக்குள் ஒளித்து வைத்தேன்.

இன்று நான் தட்டோடு நிற்கும்போது பின்னால் ஒரு புல்லட் சத்தம். ரைஸ்மில் ஐயா!

"இன்னா பாப்பா, தட்டு ஏந்திக்கினு நிக்கிற? அன்னதானம் இன்னும் ஆரம்பிக்கலயே!"

தட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அந்த நேரம் பார்த்து அப்பாவும் குடத்தோடு வந்துவிட்டார். என் கையில் போனைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். சட்டென்று தோளில் இருந்த துண்டை எடுத்து மூக்கை மூடிக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் புரிந்தது. அப்பாவுக்கும் தெரியும்!

"போட்டோ எடுக்கிறியா? அப்ப என்னயும் என் சிலயயும் சேத்து ஒண்ணு எடு. மூஞ்சி நல்லா தெரியணும்" என்றார் ஐயா.

வெயில் வீரனின் தோள் வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் மூக்குதான்.

"ஐயா, நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கயே!"

மேற்குப் பக்கம் நிறுத்திவிட்டேன். அவர் உடம்பு நல்ல அகலம். அவருடைய நிழலே வீரனின் முகத்தை முழுதாக மூடிவிட்டது! அதற்கு மேல் பிளாஷ் வேறு போட்டேன். எந்த வீடியோவிலும் செய்யவே கூடாது என்று சொல்வார்களே, அதேதான்.

மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. மீசை வைத்த தோசை மாதிரி ஒரு முகம்!

ஐயா போனை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"அப்படியே என்ன உரிச்சு வெச்சிருக்கு பாரு! ஏம்பா, நீ சொல்லு, என்ன மாதிரி இருக்கா?" என்று அப்பாவிடமே கேட்டார்.

"அப்படியே நீங்கதாங்க" என்றார் அப்பா, துண்டுக்குள்ளிருந்து.

ஐயா அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, அங்கேயே நின்று டிபியாக வைத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா திரும்பிப் பார்க்காமல் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். இன்றோடு போன் போச்சு என்று முடிவு செய்துவிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் போனைக் கேட்டார். கொடுத்தேன். நேராக அந்த போல்டரைத் திறந்தார்!

"ஒளிச்சு வெச்சா தெரியாதா? ஒரு வாரமா நான்தான் பாத்துக்கினு இருக்கேன்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"பெயிண்ட்டுக்காரங்க வெள்ளிக்கெழம வராங்க. அடிச்சிட்டா மொகம் போயிடும். அதுக்குள்ள இன்னொண்ணு எடு, நான் அங்க இருக்கும்போதே எடு" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னதா வருமா பாப்பா?"

பக்கவாட்டு வெளிச்சத்தில் மூக்கைச் சின்னதாகக் காட்ட வழி தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்!