தூக்கிப்போடாத பதில்கள்

அரும்பாவூர் வெற்றிச்செல்விக்குப் பாம்பென்றால்கூடப் பயமில்லை, வயல்வரப்பில் வளர்ந்தவள். அப்பேர்ப்பட்டவள் வெள்ளிக்கிழமை மத்தியானம், பெரம்பலூர்க் கல்லூரியில் கணினித் திரையைப் பார்த்துப் பயந்துபோனாள்.

ரகசியத்தைச் சொல்லாமலே அது தன்னிடம் இருப்பதை நிரூபிக்கும் வித்தைதான் அவளுடைய ஆராய்ச்சி. நாளைக்குக் குவாண்டம் கணினி வந்தாலும் உடைபடாதபடி, லாட்டிஸ் எனும் புள்ளிவலைக் கணக்கின் மேல் கட்டியது. அரியலூர் ரோட்டில் ஒரு தையல் கம்பெனி அதைத் தன் புகார்ச் செயலியில் வைத்தது. ஒவ்வொரு தொழிலாளியின் போனிலும் அவருக்கென்று ஒரு ரகசிய எண். புகார் போட்டவர் இந்தக் கம்பெனி ஆள்தான் என்பது மட்டும் தெரியும், யாரென்று தெரியாது. அங்கே தைக்கும் தங்கை பானுப்ரியாவிடம், "பயப்படாம போடுடி" என்று சொன்னவளே இவள்தான்.

அந்த வித்தையில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு புகாரோடும் நிரூபணமாகப் போகத் தயாராகும் பதில், ரகசிய எண்ணைக் கொஞ்சம் கோடி காட்டினாலும் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு பதில் செய்ய வேண்டும். நாலைந்து போனால்தான் ஒன்று தேறும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வீட்டில் பிறந்தவளுக்கு அது பொறுக்குமா? ஓர் ஆள் வருஷத்துக்கு ஒன்றிரண்டு புகார்தானே போடுவார், அந்த அளவு கசிந்தால் ஒன்றும் ஆகாது என்று விதியைத் தளர்த்தினாள். செயலி வேகத்தில் பறந்தது. பாராட்டும் வந்தது, இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்றுதான் சோதித்துப் பார்த்தாள். ஒரே ஆளின் பதில்கள் ஐம்பது அறுபது சேர்ந்தால் அவருடைய ரகசிய எண் வெளியே வந்துவிடுகிறது. எண் தெரிந்தால் ஆள் தெரியும். பதில்களெல்லாம் கம்பெனிக் கணினியில்தான் கிடக்கின்றன. கம்பெனியை எச்சரித்தால், கண்டுபிடிக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது போலாகும். தங்கைக்கு டீ நேரம் வரும்வரை காத்திருந்து போன் போட்டாள்.

"பானு, நீ எத்தனை புகார்டி போட்ட?"

"எனக்குன்னு ஒண்ணுதான்க்கா. சூப்பர்வைசர் கையப் புடிச்சான்ல, அது."

வெற்றிச்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா எங்க லைன்ல முக்காவாசிப் பேருக்கு பட்டன் போனு. அதுல ஆப் ஏறாதுல்ல. எல்லாருக்கும் என் போன்லதான் போட்டுக் குடுத்தேன். பக்கத்து லைன்காரங்களும் வந்தாங்க. யாருன்னே தெரியாதுன்னு நீதான சொன்ன?"

அத்தனையும் பானுவின் எண்ணில் போயிருக்கின்றன. எத்தனை என்று கேட்கவே வெற்றிச்செல்விக்குப் பயமாக இருந்தது.

"இனிமே ஒண்ணுகூடப் போடாதடி."

"ஏன்க்கா? சரி, வச்சிடறேன். ஆபீஸ்ல கூப்புடறாங்க."

"யார் யாரயெல்லாம்டி கூப்புடறாங்க?"

"என்னய மட்டுந்தான்."