நரம்பெடுத்த பல்

நரம்பு எடுத்த பல் வலிக்குமா? புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டை ஆட்டிவைத்தது அந்தக் கேள்விதான்.

யுத்த காலம். முதல் மனைவி காய்ச்சலில் போய், மறு வருஷமே எனக்கு இரண்டாவது கல்யாணம் முடித்துவிட்டார்கள். வந்தவளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி. புதுப் பெண்ணின் பல்லைப் பிடுங்குவானேன் என்று பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றிச் செவ்வாய்ப்பேட்டைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பல்லைக் குடைந்து மருந்து வைத்தார். அடுத்த முறை போனபோது முள் மாதிரி ஓர் ஊசியை வேருக்குள் விட்டு நரம்பை இழுத்தெடுத்து, ஓட்டையை அடைத்தார். "ரெண்டு வேர்லயும் நரம்பை எடுத்தாச்சு. இனி இது செத்த பல்லு, வலிக்காது" என்றார்.

வலித்தது. அதுவும் விளக்கு வைக்கிற நேரம் பார்த்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "செத்ததுக்கு ஏது சாமி வலி? மூத்தவ புடிச்சிருக்கறா" என்றாள் என் அம்மா. இரண்டாம் கல்யாணம் என்றால் இறந்துபோன மூத்தவளுக்குச் சேலை வைத்துப் படைத்த பிறகுதான் தாலி கட்ட வேண்டும். கதிரறுப்பு அவசரத்தில் அதை விட்டுவிட்டோம். இப்போதாவது செய்வோம் என்று பச்சைச் சேலை எடுத்து, மூத்தவளுக்குப் பிடித்த கச்சாயப் பலகாரமும் சுட்டுப் படைத்தோம்.

எனக்குப் பயமே இல்லை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. சாயங்காலம் எப்போது வருமென்று காத்துக் கிடந்தேன். வலியில் இவள் குனிந்திருக்கையில் முதுகுக்குப் பின்னால் நின்று, "வந்துட்டயா?" என்று மெல்லக் கேட்டும் இருக்கிறேன்.

படைத்தும் வலி நிற்கவில்லை. விஷயம் எட்டி, மாமனார் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "பேய் குடியிருக்கற ஊட்டுல எம்புள்ளைய உட மாட்டனுங்க மாப்ள" என்றார். மகள் நகர்ந்தால்தானே! "அக்கா எதுக்குங்கப்பா என்னைய வந்து புடிக்கறாங்க? இது பல்லுங்க! எம்பல்லு எனக்குத் தெரியாதுங்களா? நான் வரமாட்டேன்" என்று கத்தினாள். கடைசியாக ஒருமுறை டாக்டரிடம் காட்டுவது, அப்புறமும் வலித்தால் மாமனார் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவாயிற்று.

டாக்டர் பல்லைப் பிடுங்கினார். ரத்தத்தைக் கழுவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், "அடடா!" என்றார். "இந்தப் பல்லுக்கு வழக்கமா ரெண்டு வேர்தான். இவங்களுக்கு மூணு. நாக்குப் பக்கமா சின்னதா வளைஞ்சு ஒளிஞ்சிருக்கு பாருங்க. நான் இதைத் தொடவே இல்லை. இதோட நரம்பு இத்தனை நாளும் உயிரோடதான் இருந்திருக்கு."

அதோடு வலி போயிற்று. மாமனார் தனியாக வண்டியேறினார். அம்மா குலசாமி இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள். இவள் பஞ்சு வைத்த வாயோடு, "நாந்தேன் சொன்னனல்லங்க!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுக் களத்துப் பக்கம் போனேன். அங்கே நின்று ஓவென்று அழுதேன். மூத்தவளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட நான் அப்படி அழுததில்லை. அவள் ஒரு நாள்கூட வரவே இல்லை.